மிஸ் வீட்டில் ஒரு மிஸ் இல்லை

ஜூன் 2, திங்கள்

பள்ளிகள் திறந்துவிட்டன. காலை முதல் தெரு முழுக்க 'மிஸ், மிஸ்' என்ற கூவல். அதே சொல் இன்று என் மேசைக்கும் வந்து சேர்ந்தது. மாணவர்களுக்கான ஆங்கிலம்-தமிழ் அகராதியின் திருத்திய பதிப்பில் 'எம்' எழுத்து என் பொறுப்பு. 'மிரர்', 'மைசர்' இரண்டையும் கடந்து 'மிஸ்' என்ற வாசலில் நிற்கிறேன். சிறிய சொல். இந்த வாரத்துக்குள் முடித்துவிடலாம்.

வீடு அமைதியாக இருக்கிறது. வடிவு முழங்கால் மாற்று அறுவைக்காகக் கோயம்புத்தூர் போய் ஒரு மாதம் ஆகிறது. தன் அண்ணன் மகன் நயினார் வீட்டில் தங்கியிருக்கிறாள். விடியலில் வானொலிப் பாட்டு இல்லை. முற்றத்தில் விசில் ஊதி எனக்குக் கைகால் பயிற்சி சொல்லித்தர ஆளில்லை. செண்பகவடிவு என்ற பெயரை வைத்துக்கொண்டு ஒரு பெண் எப்படி இவ்வளவு சத்தம் போட முடியும் என்று வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்தே வியந்து வருகிறேன்.

பாளையங்கோட்டையில் இந்த வீட்டின் பெயர் 'மிஸ் வீடு'. நான் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவள், ஆகவே இங்கிலீஷ் மிஸ். அவள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை, ஆகவே பி.டி. மிஸ். இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. எனவே அந்தப் பட்டத்துக்கு அகராதிப்படியும் உரியவர்கள். பால் ஊற்ற வந்த பேச்சித்தாய், "ஒரு மிஸ் மிஸ்ஸிங்" என்று சொல்லித் தானே சிரித்துக்கொண்டாள். நான் சிரிக்கவில்லை. ஆனால் சிலேடை இலக்கணப்படி சரி.

ஜூன் 5, வியாழன்

'மிஸ்' ஒரு சொல் அன்று, இரண்டு. பிறந்த வீடு வேறு. வளர்ந்த பிறகு முகம் ஒன்றாகிவிட்டது.

முதலாவது பழைய ஆங்கிலத்து வினை: குறி தப்புதல். 'மிஸ்டேக்' என்பதன் தலையில் உட்கார்ந்திருக்கும் முன்னொட்டும் இதற்கு ஒன்றுவிட்ட உறவு. இரண்டாவது, 'மிஸ்ட்ரஸ்' என்பதன் முதல் அசை. மிஸ்ட்ரஸ் பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் மூலம் லத்தீன் 'மாகிஸ்தெர்'. மாகிஸ்தெர் என்றால் ஆசிரியர்.

இதை எழுதிவிட்டுச் சற்று நேரம் பேனாவைக் கீழே வைத்தேன். ஆங்கிலேயன் அந்தச் சொல்லைத் தேய்த்துத் தேய்த்து மணமாகாதவள் என்ற அளவுக்குக் குறுக்கிவிட்டான். நம் ஊர்ப் பிள்ளைகளோ மூன்று பிள்ளை பெற்ற கணக்கு டீச்சரையும் 'மிஸ்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். தெரியாமலே சொல்லை அதன் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். வடிவிடம் சொன்னால், "அப்ப நான் லத்தீன்காரியா?" என்று கேட்பாள். சொல்வதற்கு இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

ஊறுகாய்ப் பாட்டிலின் மூடி திறக்க மறுக்கிறது. அது வடிவின் கைக்குப் பழகிய மூடி. ஒரு மாதமாக ஊறுகாய் இல்லாமல்தான் சாப்பிடுகிறேன். உப்புக் குறைவது இரத்த அழுத்தத்துக்கு நல்லது.

ஜூன் 9, திங்கள்

காலை ஆறு மணிக்கு வழக்கம்போல் வடிவின் மிஸ்டு கால். ஒரு மணி அடித்து நின்றது.

இது எங்கள் ஏற்பாடு. அவள் விளையாட்டு அணியைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போன காலத்தில் தொடங்கியது. ஒரு மணி அடித்தால் 'எழுந்துவிட்டேன், உயிரோடிருக்கிறேன்' என்று பொருள். பதிலுக்கு மற்றவள் ஒரு மணி அடிக்க வேண்டும். எடுக்கக் கூடாது. எடுத்தால் ஏதோ விபரீதம் என்று பொருள். இப்போது பேச்சுக்குத் தனிக் கட்டணம் இல்லை. ஆயினும் வழக்கத்தை மாற்றவில்லை. வடிவுக்குத் தொலைபேசியில் காது சரியாகக் கேட்காது. மைதானத்தில் கத்துவதுபோல் கத்துவாள், பிறகு நான் சொன்னதற்குச் சம்பந்தமே இல்லாத பதிலைச் சொல்வாள். ஒரு மணி போதும். இலக்கியத்தில் இவ்வளவு சுருக்கமாக எழுதியவர்கள் குறைவு.

பத்து மணிக்கு நயினார் பேசினான். வங்கி அதிகாரி, ஐம்பதை நெருங்குகிறான், இன்றும் என்னை மிஸ் என்றுதான் அழைப்பான். அத்தை நடக்கத் தொடங்கிவிட்டாளாம்.

"ஆனா ஒரே தேடுதாம் மிஸ். ராத்திரி சரியா உறங்க மாட்டேங்காங்க. போகப் போகச் சரியாயிரும்."

மூக்குக் கண்ணாடியாகத்தான் இருக்கும் என்றேன். அதைத் தலையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுவது அவள் வழக்கம். தலையைப் பார்க்கச் சொல் என்றேன். அவன் "தலையையா மிஸ்?" என்று கேட்டுவிட்டு, "சரி மிஸ்" என்றான். வங்கிக்காரர்களுக்கு எதையும் இருமுறை சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

வினைச்சொல்லுக்குப் பொருள் வரிசை தொடங்கினேன். பேருந்தை மிஸ் பண்ணுவது: தவறவிடு. குறியை மிஸ் பண்ணுவது: தப்பு. வகுப்பை மிஸ் பண்ணுவது: போகாமல் இரு. எல்லாம் எளிது.

எளிதானவற்றிலும் கண்ணிகள் உண்டு. நம் 'தப்பு' பிழையையும் குறிக்கும், பிழைத்து ஓடியதையும் குறிக்கும். 'தவறு' இன்னும் ஆபத்து. கை தவறினால் டம்ளர் விழும்; ஆள் தவறினால் பந்தல் போட வேண்டும். 'பஸ் தவறிட்டு' என்று நிம்மதியாகச் சொல்லலாம். 'பெரியம்மா தவறிட்டு' என்றால் தெருவே திரண்டு வந்துவிடும். மாணவர்களுக்கு எச்சரிக்கைக் குறிப்பு ஒன்று சேர்த்தேன்.

நான்காம் பொருளில் நின்றுவிட்டேன். ஒருவர் இல்லாததை உணர்ந்து அதனால் வருந்துதல். ஆங்கிலத்தில் மூன்று சொல்லில் முடிந்துவிடுகிறது. 'உன்னை மிஸ் பண்ணுகிறேன்' என்று நம் பிள்ளைகள் அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அகராதியில் 'மிஸ்' என்பதற்கு 'மிஸ் பண்ணு' என்று பொருள் எழுத என்னால் முடியாது. தமிழில் இதற்கு ஒரு சொல் இல்லாமல் இருக்காது. தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

பதிப்பாசிரியர் கோமதிநாயகத்திடம் பேசினேன். ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். தொலைபேசியிலும் என்னை 'அம்மையீர்' என்று விளிப்பவர்.

'ஏங்கு' என்று போடலாமே என்றார். ஏங்குவது பட்டினி கிடப்பவரும் காதலரும் செய்வது. அதில் கண்ணீர் மிகுதி என்றேன். 'பிரிவாற்றாமை' என்றார். அதற்கு உடல் மெலிந்து வளையல் கழல வேண்டும். என் கையில் இருக்கும் ஒற்றை வளையல் மூட்டுவாதத்துக்குப் பிறகு எந்தப் பிரிவுக்கும் கழலாது.

"அம்மையீர், தங்களுக்கு என்னதான் வேணும்?"

பக்கத்து அறையில் ஆளில்லை என்று ஒரு நாளில் நாலைந்து முறை கவனிக்கும் அளவுக்கான ஒரு சொல் வேண்டும், அழவும் கூடாது, மெலியவும் கூடாது என்றேன். அவர் இருமினார். எடுத்துக்காட்டு பொருத்தமாக இருந்ததால் சொன்னேன், வேறொன்றும் இல்லை.

ஜூன் 20, வெள்ளி

நயினார் மீண்டும் பேசினான். வடிவு இனிக் கோயம்புத்தூரிலேயே இருக்கப்போகிறாள். அவளுக்குத் தனி அறை இருக்கிறதாம், லிஃப்ட் இருக்கிறதாம், எதிரிலேயே பிசியோதெரபி இருக்கிறதாம்.

"ரெண்டு வயசானவங்க தனியா இருக்கது சரியா வராது மிஸ்."

இருவர் இருக்கும்போது 'தனியாக' என்ற சொல் எப்படிப் பொருந்தும் என்று கேட்டேன். அவனுக்கு இலக்கணத்தில் ஆர்வம் இல்லை. அத்தையும் சம்மதித்துவிட்டதாகச் சொன்னான். அவள் சம்மதித்த பிறகு எனக்கு என்ன ஆட்சேபம்? இல்லை என்று சொல்லிவிட்டேன். நன்றாகவே சொன்னேன். வரும் ஞாயிறு அல்ல, அதற்கடுத்த ஞாயிறு வீட்டுச் சாமான் ஏற்றும் பேக்கர்ஸ் லாரி வரும். அவள் பொருள்களைக் கட்டி வைக்க வேண்டும்.

முன்னறை காலியானால் புத்தக அலமாரிகளை அங்கே மாற்றலாம். வெளிச்சம் நன்றாக இருக்கும்.

ஜூன் 21, சனி

ஆறு மணிக்கு ஒரு மணி அடித்தது. நானும் அடித்தேன். இருவரும் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 25, புதன்

கட்டி முடித்துவிட்டேன். ஒரு விளையாட்டு ஆசிரியைக்கு இத்தனை சேலைகள் எதற்கு? வாழ்நாள் முழுவதும் வெள்ளைக் கான்வாஸ் ஷூவோடுதான் சேலை கட்டினாள். இப்போது பார்த்தால் பெட்டியில் பட்டுச் சேலைகள். நான் வாங்கித்தந்த ஊதா நிறச் சேலை மடிப்புக் கலையாமல் இருந்தது. ஊதா அவளுக்குப் பிடிக்கும் என்றல்லவா நினைத்திருந்தேன். பிரித்துப் பார்த்தேன். முந்தானையில் ஊறுகாய்க் கறை. ஆக, கட்டியிருக்கிறாள்.

வெற்றிக் கோப்பைகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றினேன். அவளுடைய சாமி படங்களை என் தலையணை உறைகளில் சுற்றினேன். நான் கோவிலுக்குப் போகிறவள் அல்லள், சர்ச்சுக்குப் போகிறவள். ஆனால் முருகனின் கண்ணாடி உடைந்தால் அவள் என்னைத்தான் கேட்பாள்.

விசிலை வைக்கப் பெட்டியில் இடமில்லை. என் மேசை டிராயரில் போட்டு வைத்தேன்.

ஜூன் 27, வெள்ளி

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டதாகச் சொல்கிறார்கள். எனக்கு ஜலதோஷம் தொடங்கிவிட்டது. தொண்டை கட்டி, குரல் யாரோ ஓர் ஆணின் குரல்போல் இருக்கிறது. நான்காம் பொருள் இன்னும் வெற்றிடமாகக் கிடக்கிறது. கோமதிநாயகம் இரண்டுமுறை நினைவூட்டிவிட்டார்.

ஜூன் 29, ஞாயிறு, காலை

ஆறு மணிக்கு மணி அடித்தபோது எடுத்துவிட்டேன். கை தவறிவிட்டது. அதை அவளிடம் சொல்லிவிட்டு உடனே வைத்துவிட்டேன். இன்று லாரி வரும் நாள் என்பதற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. சர்ச்சுக்குக் கிளம்புகிறேன். போனை அணைத்துவிட்டேன்.

ஜூன் 30, திங்கள்

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். பிற்காலத்தில் வடிவு இதைத் தன் விருப்பப்படி திரித்துச் சொல்வாள்.

ஆராதனை முடிந்து வந்தபோதே லாரி வாசலில் நின்றது. நான்கு ஆட்கள். போனை மீண்டும் போட வேண்டும் என்ற எண்ணமே எழவில்லை. சாமான் ஏற்ற மதியத்துக்குமேல் ஆகிவிட்டது. பீரோ படியில் முட்டியது. கட்டிலைக் கழற்றத் திருப்புளி கிடைக்கவில்லை. நான் வாசற்படியில் நின்று மேற்பார்வை செய்தேன். கைக்குட்டையும் கையில் இருந்தது. ஜலதோஷம் என்று வெள்ளிக்கிழமையே எழுதியிருக்கிறேன்.

மூன்று மணி இருக்கும். ஒரு கார் வந்து லாரிக்குப் பின்னால் நின்றது. முன் கதவு திறந்தது. முதலில் ஊன்றுகோல் வந்தது, அடுத்து வெள்ளைக் கான்வாஸ் ஷூ, அதன்பின் அண்டா வாய் அகலத்துக்கு ஒரு ரோஜா மாலை, கடைசியாக வடிவு. கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏட்டி நவமணி, நீ சாவலியா?"

"இல்ல. ஏமாத்தமா இருக்கோ?"

அவள் மாலையைக் கார் பானெட்டின்மேல் வைத்துவிட்டு அங்கேயே அழத் தொடங்கினாள். பேக்கர்ஸ் ஆட்கள் தையல் மெஷினை நடுத்தெருவில் இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நான் அவளை உள்ளே அழைத்துவந்து, மிச்சமிருந்த என் நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தேன். அதன் பிறகே விவரம் வந்தது.

காலையில் நான் எடுத்ததும் அவளுக்கு மூச்சு நின்றுவிட்டதாம். எடுத்தால் விபரீதம் என்பது எங்கள் விதி. போதாக்குறைக்கு என் தொண்டையிலிருந்து வந்தது ஆண் குரல். 'கை தவறிட்டு' என்று நான் சொன்னதில், அவள் காதில் விழுந்தது 'தவறிட்டு' மட்டும். யாரோ ஒருவன் என் போனை எடுத்து நான் தவறிவிட்டதாகச் சொல்லி வைத்துவிட்டான் என்று முடிவுகட்டிவிட்டாள். திரும்பத் திரும்ப அழைத்திருக்கிறாள், போன் அணைந்திருந்தது. நயினார் உடனே காரை எடுத்திருக்கிறான். வழியில் லாரி ஓட்டுநரையும் அழைத்து வீட்டில் என்ன நிலவரம் என்று கேட்டிருக்கிறான். அவர், 'வயசான அம்மா ஒருத்தங்க வாசல்ல நின்னு அழுதுட்டு இருக்காங்க சார்' என்றாராம். துக்கத்துக்கு வந்த யாரோ என்று இவர்கள் எண்ணிக்கொண்டு, திருமங்கலத்தில் நிறுத்தி மாலை வாங்கியிருக்கிறார்கள்.

அது ஜலதோஷம் என்று விளக்கினேன். நயினார் தலையை ஆட்டினான். வடிவு ஆட்டவில்லை.

"நீ எதுக்குட்டி போன எடுத்த?"

"கை தவறிட்டு."

"இத்தன வருசத்துல ஒருநாளும் தவறாத கை."

வேறு பேச்சு எடுப்பதற்காக, லாரி ஏறும் நேரத்தில் வந்து நிற்கிறாயே, உன் சம்மதத்தின் பேரில்தானே இவ்வளவும் நடக்கிறது என்றேன்.

"நான் எங்க சம்மதிச்சேன்? மிஸ்ஸுக்கு ஒண்ணும் ஆட்சேபமில்லன்னு இவன்தான் சொன்னான். அவளுக்கே இல்லன்னா எனக்கு என்னன்னு பேசாம இருந்துட்டேன்."

இருவரும் நயினாரைப் பார்த்தோம். அவன் கூரையைப் பார்த்தான். நல்ல பையன்தான். இரண்டு பக்கமும் மறுபக்கம் சம்மதம் என்று சொல்லிக் காரியத்தை முடிக்க அவனுக்கு வங்கியில் பழக்கியிருப்பார்கள்.

"விசில் எங்க?" என்றாள் வடிவு.

"என் டிராயர்ல."

"பெட்டில வைக்கலியா?"

"இடமில்ல."

"ஒரு விசிலுக்கா?"

எடுத்துக் கொடுத்தேன். ஊன்றுகோலோடு வாசலுக்குப் போய் ஒரு ஊது ஊதினாள். தெருவில் நாய் முதல் தயிர்க்காரர் வரை எல்லாம் நின்றுவிட்டன. பேக்கர்ஸ் ஆட்கள் நால்வரும், நான் கண்ணால் கண்டேன், கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு நேராக நின்றார்கள். ஏற்றியது எல்லாவற்றையும் இறக்கும்படியும், பீரோவை முதலில் கொண்டுவரும்படியும், படியில் இடிக்காமல் திருப்பும்படியும் ஆணை பிறந்தது. நயினார் நடுவே புகுந்தான்.

"அத்தை, ரெண்டு பேரும் இங்க தனியா..."

"ரெண்டு பேரு எப்படிலே தனியா?"

எனக்குப் பத்து நாள்களுக்குமுன் தோன்றிய இலக்கண ஐயம் அவளுக்கும் தோன்றியதில் வியப்பில்லை. நயினார் குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட வேண்டும் என்றும், அதை மறுத்தால் திரும்பவும் லாரியைக் கூப்பிடுவேன் என்றும் சொன்னான். அந்த நிபந்தனையை ஏற்றோம். கடைசிப் பெட்டி உள்ளே வந்ததும் வடிவு மீண்டும் ஊதி, "டிஸ்மிஸ்" என்றாள். நால்வரும் கலைந்தார்கள். அந்தச் சொல்லில் இருக்கும் 'மிஸ்' வேறு குடும்பம். லத்தீனில் 'அனுப்பு' என்று பொருள். அனுப்பப்படாமல் இருப்பதற்கு என்ன சொல் என்று தேட நேரமில்லை.

மாலை வீணாகவில்லை. பேச்சித்தாயின் மாடு தின்றது.

சாப்பிட உட்கார்ந்தோம். ஊறுகாய்ப் பாட்டிலை அவள் ஒரு திருகில் திறந்தாள். பல வாரங்களுக்குப் பிறகு நாரத்தங்காய். அப்போதுதான் அவள் சொன்னாள்.

"எனக்குத் தேடுதுன்னு இவன் சொன்னதுக்கு, கண்ணாடியத் தேடுதா, தலையப் பாக்கச் சொல்லுன்னியாமே."

"வேற எத?"

"உன்னத்தாண்டி தேடுச்சு, மடச்சி."

கையில் இருந்த நாரத்தங்காய்த் துண்டைத் தட்டில் வைத்துவிட்டேன். தேடுகிறது. பிள்ளைக்குத் தாயைத் தேடும். கன்றுக்குப் பசுவைத் தேடும். ஊர் விட்டுப் போனவனுக்கு ஊரைத் தேடும். வளையல் கழல வேண்டாம். யாரும் யாரையும் எதுவும் 'பண்ண' வேண்டாம். நான் தேடவில்லை, எனக்குத் தேடுகிறது. பசிப்பதுபோல, குளிர்வதுபோல, என் அனுமதி கேளாமல் அதுவே வந்து உட்காருகிறது. பிறந்ததிலிருந்து என் காதில் இருந்த சொல். இந்த மாதம் முழுவதும் ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருப்பதாக எழுதி எழுதிவைத்திருக்கிறேன். அதைத்தான் எழுதியிருக்கிறேன் என்பது தெரியாமல்.

"எனக்கும்" என்றேன்.

"என்ன, எனக்கும்?"

"தேடுச்சு."

"யாரை?"

காது கேட்காததுபோல் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். நேரில் அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

"கண்ணாடிய" என்றேன்.

ஜூலை 1, செவ்வாய்

நான்காம் பொருளை எழுதிக் கோமதிநாயகத்துக்கு வாசித்துக் காட்டினேன். பேச்சு வழக்கு அல்லவா, அம்மையீர், என்றார். பேசுகிறவர்கள் இல்லாத மொழிக்கு அகராதி போடுகிறோமா என்றேன். எழுவாய் எங்கே என்றார். அந்தச் சொல்லின் பெருமையே எழுவாய் ஒளிந்துகொள்வதுதான் என்றேன். ஒப்புக்கொண்டார்.

எடுத்துக்காட்டு வாக்கியத்தில்தான் மீண்டும் நின்றார். நான் எழுதியது: 'அவள் ஊரில் இல்லாத நாளெல்லாம் எனக்கு அவளைத் தேடியது.' பள்ளி மாணவர்களுக்கான அகராதி ஆகையால் 'எனக்கு' என்பதை எடுத்துவிட்டுக் 'குழந்தைக்கு' என்று போடலாமா என்று கேட்டார்.

கூடாது என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 3, வியாழன்

காலை ஆறு மணிக்குப் போன் ஒரு மணி அடித்து நின்றது. முன்னறையிலிருந்துதான். எடுக்கவில்லை.